கிளட்ச் இல்லாத ராட்சத பைக்!

குட்டீஸ், அப்பாவோ சித்தப்பாவோ பைக் ஓட்டும்போது பின்னால் உட்கார்ந்து போயிருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அவருடைய இடது கையை மட்டும் கவனியுங்கள். சிக்னல் வந்தால் ஒரு அழுத்து. கியர் மாற்ற ஒரு அழுத்து. முன்னால் மாடு நின்றால் ஒரு அழுத்து. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை அந்தக் கை அழுத்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். விரல்கள் போதாது!

அந்தக் கை அழுத்துவதுதான் கிளட்ச். அதே நேரத்தில் இடது கால் ஒரு பெடலை மிதிக்கும். அது கியர். கிளட்சும் கியர் பெடலும் இல்லாத ஸ்கூட்டர் பல வீடுகளில் இருக்கிறது. ஆனால், யானை மாதிரி பெரிய பைக்கிலும் இவை இரண்டும் இல்லாமல் இருந்தால்? இருக்கிறது! அப்படி ஒரு பைக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். அதற்கு நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டும். தயாரா?

கார்கள் ஊர்ந்து போகும் சாலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இருக்கிறது. அதன் வழியாக '405' என்ற எண் கொண்ட நெடுஞ்சாலை போகிறது. நீளம் சுமார் 116 கி.மீ. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய் வரும் கார்கள் இதில் எறும்புச் சாரி போல ஊர்ந்து போகும். கூட்டம் குறைந்தால் மணிக்கு 105 கி.மீ. வரை போகலாம்.

அங்கே பைக் ஓட்டுபவர்களுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. ஒரே காரில் பல பேர் சேர்ந்து போனால் மட்டும் அனுமதிக்கும் தனிப் பாதையில், பைக்கில் ஒருவர் மட்டும் போனாலும் விடுவார்கள். இன்னொன்று, கார் வரிசைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் பைக் போகலாம். நம் ஊர் சிக்னலில் பைக்குகள் நுழைந்து நுழைந்து முன்னால் வருமே, கிட்டத்தட்ட அதேதான். 2017 ஜனவரி முதல் அதற்கு அங்கே சட்டமே இருக்கிறது.

இந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகும் ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், 'பைக் மாமா' என்று கூப்பிடுவோம். வயது 50ஐத் தாண்டிவிட்டது. அலுவலகம் 50 கி.மீ. தூரம். இத்தனை வருடம் கிளட்ச் அழுத்தி அழுத்தி அவருடைய இடது மணிக்கட்டில் வலி. பைக் ஓட்டுவதையே விட்டுவிடலாமா என்று வருத்தத்தோடு யோசிக்கிறார். விடவும் மனசு இல்லை. தானாகக் கியர் மாறும் 'குரூஸர்' பைக் ஒன்றை வாங்கினால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை.

குரூஸர் என்றால்?

உயரம் குறைந்த இருக்கை, நீளமான உடம்பு, கொஞ்சம் உயர்ந்த ஹேண்டில்பார். இதுதான் குரூஸரின் அடையாளம். ரேஸ் பைக்கில் போல முன்னால் குனிந்து படுக்க வேண்டாம். ஈஸிசேரில் சாய்ந்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம். நீண்ட தூரம் போனாலும் இடுப்பு வலிக்காமல் இருப்பதற்காக இப்படிச் செய்கிறார்கள்.

கியர் எதற்கு?

கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேட்டில் ஏறும்போது லேசான கியர் வேண்டும். கால் வேகமாகச் சுற்றும், சைக்கிள் மெதுவாகப் போகும், ஆனால் பலம் அதிகம். சமதளத்தில் வேகமாகப் போக கனமான கியர் வேண்டும். எஞ்சினுக்கும் அப்படித்தான். கிளம்பும்போது முதல் கியர், வேகம் கூடக் கூட அடுத்தடுத்த கியர்.

கியர் மாறும் அந்த ஒரு நொடியில் எஞ்சினையும் சக்கரத்தையும் பிரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பல்சக்கரங்கள் ஒன்றோடு ஒன்று மோதிக் 'கடகட'வென்று கத்தும். அப்படிப் பிரித்து வைப்பதுதான் கிளட்சின் வேலை.

இரண்டு மின்விசிறி மந்திரம்

கிளட்சை அழுத்தும் வேலையை மனிதரிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகவே முயற்சி செய்திருக்கிறார்கள்.

1975-ல் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனம் 'கன்வர்ட்' என்ற பெரிய பைக்கைக் கொண்டு வந்தது. 1976-ல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 'சி.பி.750ஏ' என்ற பைக்கை விற்பனைக்கு விட்டது. இரண்டிலும் 'டார்க் கன்வர்ட்டர்' இருந்தது.

அது என்ன? இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரும் புதிருமாக வையுங்கள். ஒன்றை மட்டும் போடுங்கள். அதன் காற்று பட்டு, சுவிட்ச் போடாத ஃபேனின் இறக்கைகளும் மெல்லச் சுழலும். டார்க் கன்வர்ட்டரிலும் இப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய்! எஞ்சின் ஒரு பக்க இறக்கைகளைச் சுழற்றும். எண்ணெய் போய் மறுபக்க இறக்கைகளைத் தள்ளும்.

நல்ல மந்திரம்தான். ஆனால், எண்ணெய் வழியாகப் போகும்போது எஞ்சினின் பலத்தில் கொஞ்சம் வீணாகிவிடும். அதோடு, அந்த பைக்குகளில் இரண்டே கியர்கள்தான். அவற்றையும் ஓட்டுபவர்தான் மாற்ற வேண்டும். வாங்கியவர்கள் அதிகம் இல்லை. 1978-க்குப் பிறகு ஹோண்டா அந்த மாடலை நிறுத்திவிட்டது.

பந்தி பரிமாறும் கியர்பாக்ஸ்

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒருவர் பரிமாறினால் என்ன ஆகும்? சாதம் போட்டுவிட்டு, உள்ளே போய்ச் சாம்பார் வாளியைத் தூக்கி வர வேண்டும். அதுவரை நாம் சாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால்? ஒருவர் சாதம் போடும்போதே அடுத்தவர் சாம்பார் வாளியோடு பக்கத்தில் தயாராக நிற்பார். சாதம் விழுந்ததும் சாம்பார்!

இந்தத் தந்திரம்தான் 'டி.சி.டி.' என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். இதில் கிளட்ச் ஒன்றல்ல, இரண்டு. 1, 3, 5 என்ற ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளட்ச் பார்த்துக்கொள்ளும். 2, 4, 6 என்ற இரட்டைப்படை கியர்களை இன்னொன்று பார்த்துக்கொள்ளும். வண்டி இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கியர் தயாராக நிற்கும். நேரம் வந்ததும் ஒரு கிளட்ச் விடும், மறு கிளட்ச் பிடிக்கும். கண் இமைப்பதற்குள் கியர் மாறிவிடும். இரண்டையும் அழுத்துவது கை அல்ல. கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல எண்ணெய் அழுத்தம் அந்த வேலையைச் செய்கிறது.

கார்களில் இருந்த இந்த முறையை, விற்பனைக்கு வந்த பைக்கில் உலகிலேயே முதன்முதலாக வைத்தது ஹோண்டா நிறுவனம். 2010-ல் விற்பனைக்கு வந்த 'வி.எஃப்.ஆர். 1200எஃப்' தான் அந்த பைக். இதில் இடது கைப் பக்கம் கிளட்ச் இல்லை. இடது காலுக்குக் கியர் பெடலும் இல்லை. 'நானே மாற்றிக்கொள்கிறேன்' என்று ஆசைப்படுபவர்களுக்காக, கைப்பிடியின் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் உண்டு. ஒன்று கியரை ஏற்ற, இன்னொன்று இறக்க.

பைக் மாமாவுக்கு இப்போது முகம் மலர்ந்துவிட்டது. மணிக்கட்டு வலி இருந்தாலும் ஓட்டலாம்! ஆனால், எந்த பைக்கை வாங்குவது?

இரண்டு அண்ணன் தம்பிகள்

கடையில் அவர் முன்னால் இரண்டு பைக்குகள் நிற்கின்றன. இரண்டும் ஹோண்டாதான், இரண்டிலும் டி.சி.டி. இருக்கிறது.

பெரியண்ணன் 'கோல்டு விங் டூர்'. 1833 சி.சி., ஆறு சிலிண்டர், ஏழு கியர். ரிவர்ஸ் கூடப் போகும்! எல்லா வசதிகளோடும் எடை ஏறக்குறைய 380 கிலோ. 50 கிலோ எடையுள்ள ஏழெட்டுப் பேருக்குச் சமம். பளபளவென்று அரண்மனை மாதிரி நிற்கிறது.

தம்பி 'ரெபெல் 1100'. 2021-ல் வந்தது. சுமார் 1,084 சி.சி., இரண்டு சிலிண்டர், ஆறு கியர். எடை ஏறக்குறைய 233 கிலோ. முன்கண்ணாடியும் பக்கப் பெட்டிகளும் வைத்த '1100டி' என்ற மாடல் 2023-ல் வந்தது. அது ஏறக்குறைய 250 கிலோ.

பைக் மாமாவின் மனசு பெரியண்ணன் பக்கம் ஓடுகிறது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளப்பார்களே! ஆனால், ஆசைப்பட்டதும் காசை எடுத்து நீட்டக் கூடாது. சில கேள்விகள் கேட்க வேண்டும்.

1. கால் தரையில் பதிகிறதா?

போகும்போது பைக் தானாகவே நிமிர்ந்து நிற்கும். நின்றால்தான் சாயும். அப்போது தாங்குவது கால்கள்தான். அதனால் இரண்டு பாதங்களும் தரையில் நன்றாகப் பதிய வேண்டும். கோல்டு விங் இருக்கையின் உயரம் 745 மி.மீ. ரெபெல் 1100-ல் ஏறக்குறைய 700 மி.மீ. உயரம் குறைந்தவர்களுக்குத் தம்பியே வசதி.

2. தள்ள முடியுமா?

380 கிலோ பைக் ஓடும்போது பஞ்சு மாதிரி இருக்கும். வீட்டு வாசலில் திருப்பி நிறுத்தும்போதுதான் யானை என்று தெரியும்! அதற்காகத்தான் கோல்டு விங்கில், பொத்தானை அழுத்தினால் முன்னும் பின்னும் மெல்ல நகரும் வசதி வைத்திருக்கிறார்கள். ஆனால், ஒருபக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் பொத்தான் உதவாது.

3. காற்றைத் தடுக்குமா?

வேகம் இரண்டு மடங்கானால், நம்மைத் தள்ளும் காற்றின் பலம் நான்கு மடங்காகும். 50 கி.மீ. வேகத்தில் தென்றல் மாதிரி இருந்தது, 100 கி.மீ. வேகத்தில் மார்பில் கை வைத்துத் தள்ளும். குரூஸரில் நிமிர்ந்து உட்காருவதால் உடம்பே பாய்மரம் ஆகிவிடும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு முன்கண்ணாடி அலங்காரம் அல்ல, அவசியம். கோல்டு விங்கில் அது இருக்கிறது. சாதாரண ரெபெலில் இல்லை, 1100டி-யில் இருக்கிறது.

4. நடுவே நுழையுமா?

கார் வரிசைகளுக்கு நடுவே போக வேண்டும் என்றால் பைக் அகலம் குறைவாக இருக்க வேண்டும். கோல்டு விங்கின் இருபுறமும் பெட்டிகள், முன்னால் அகலமான எஞ்சின். கூட்டத்தில் பொறுமையாகக் கார்களோடு சேர்ந்து நிற்க வேண்டியதுதான்.

5. பெட்ரோல் எத்தனை நாளைக்கு?

இங்கே ஒரு கணக்கு! பைக் மாமா தினமும் போக 50, வர 50, மொத்தம் 100 கி.மீ. ஓட்டுகிறார். ரெபெலின் டேங்க் 13.6 லிட்டர். லிட்டருக்கு 20 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் 272 கி.மீ. போகும். அதாவது இரண்டு நாள் ஓடும், மூன்றாம் நாள் பாதியில் பெட்ரோல் போட வேண்டும். கோல்டு விங்கின் டேங்க் 21 லிட்டர். லிட்டருக்கு 18 கி.மீ. என்றால்? நீங்களே பெருக்கிப் பாருங்கள். விடை கடைசியில்.

6. பிரேக் எப்படி?

இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். திடீரென்று பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். அப்போது டயர் வழுக்கும், பைக் விழும். 'ஏ.பி.எஸ்.' என்ற வசதி இருந்தால், சக்கரம் இறுகப் போவதைக் கண்டுபிடித்து, பிரேக்கை நொடிக்குப் பலமுறை விட்டு விட்டுப் பிடிக்கும். டயர் வழுக்காது. அண்ணன் தம்பி இரண்டிலும் இது இருக்கிறது. எந்த பைக் வாங்கினாலும் ஏ.பி.எஸ். இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

பழகாமல் ஓட்டக் கூடாது!

கிளட்ச் இல்லாவிட்டால் எல்லாமே சுலபம் என்று நினைத்தால் அது தப்பு. கிளட்ச் பைக்கில் மிக மெதுவாகத் திரும்பும்போது, கிளட்சைப் பாதி அழுத்தி வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். டி.சி.டி. பைக்கில் அதற்கு வழி இல்லை. பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி திரும்பப் பழக வேண்டும். பழகாதவர்கள் தடுமாறி, வண்டியோடு சாய்ந்துவிடலாம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கிளட்ச் பைக்கைச் சரிவான இடத்தில் கியரில் போட்டு நிறுத்தலாம். உருளாது. டி.சி.டி. பைக்கில் எஞ்சினை நிறுத்தினாலே கியர் விடுபட்டுவிடும். காரில் இருப்பது போல 'பார்க்கிங் பிரேக்' இதில் உண்டு. அதைப் போட மறந்தால், யானை தானாகவே நடை கட்டிவிடும்!

அதனால்தான் காலி மைதானத்தில் சில நாட்கள் ஓட்டிப் பழகிய பிறகே சாலைக்கு வர வேண்டும். கலிபோர்னியாவில் 21 வயது நிறையாதவர்கள் பைக் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றால், முறையான பயிற்சி வகுப்பை முடித்தே ஆக வேண்டும். நம் பைக் மாமா அந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டார். ஆனாலும், 'புது வண்டி, புதுப் பாடம்' என்று மீண்டும் பயிற்சிக்குப் போனால் அவர்தான் புத்திசாலி!

மாமா எதை வாங்கினார்?

ஜோடியாக, மூட்டை முடிச்சோடு, ஆயிரக்கணக்கான கி.மீ. ஊர் சுற்ற வேண்டும் என்றால் பெரியண்ணன்தான் சரி. ஆனால், பைக் மாமாவுக்குத் தேவை, தினமும் வேலைக்குப் போய் வருவது. தனியாகத்தான் போகிறார். கூட்டத்தில் நின்று நின்று போக வேண்டும். மணிக்கட்டில் வலி இருப்பதால் சாய்ந்த வண்டியை இழுத்துப் பிடிக்கவும் முடியாது. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, முன்கண்ணாடி வைத்த தம்பியையே வாங்கினார். கடையை விட்டுக் கிளம்பும்போது பெரியண்ணனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார் என்பது வேறு விஷயம்!

ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. அமெரிக்காவில் ஒரே தூரத்துக்குக் கணக்குப் பார்த்தால், காரில் போகிறவர்களைவிட பைக்கில் போகிறவர்கள் விபத்தில் உயிரிழப்பது 20 மடங்குக்கும் அதிகம். பைக்கைச் சுற்றிக் கதவோ கூரையோ கிடையாதே! ஹெல்மெட் போடாமல் விபத்தில் உயிரிழக்கும் 100 பேரில் 37 பேரை ஹெல்மெட் காப்பாற்றியிருக்கும் என்று அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. கலிபோர்னியாவில் 1992 முதல், ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர் என்று எல்லாருக்குமே ஹெல்மெட் கட்டாயம். நம் நாட்டுச் சட்டமும், 4 வயதுக்கு மேற்பட்ட எல்லாரும் ஹெல்மெட் போட வேண்டும் என்றுதான் சொல்கிறது. அதனால் நாளைக்குக் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது, அப்பாவிடம் 'என் ஹெல்மெட் எங்கே?' என்று கேளுங்கள்.

கியர் தானாக மாறும். கவனம் தானாக வராது. அதை நாம்தான் கூடவே எடுத்துப் போக வேண்டும். சரிதானே, குட்டீஸ்?

செய்து பாருங்கள்!

ஒரு பழைய ரப்பர் பந்தை இடது கையில் வைத்து 100 முறை அழுத்தி அழுத்தி விடுங்கள். கை வலிக்கிறதா? கூட்டத்தில் பைக் ஓட்டும் அப்பாவின் கையும் அப்படித்தான் வலிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு போய்க் கொடுங்கள்!

தெரிந்துகொள்ளுங்கள்!

* கோல்டு விங் பைக் 1975-ல் விற்பனைக்கு வந்தது. அப்போது அதற்கு நான்கு சிலிண்டர், 999 சி.சி. மட்டுமே. டி.சி.டி. வந்தது 2018 மாடலில்தான்.

* விற்பனைக்கு வந்த பைக்குகளில் முதன்முதலாக ஏர்பேக் வைத்ததும் கோல்டு விங்தான். 2006-ல் அந்த வசதி வந்தது.

* நம் ஊர்க் கியர் இல்லாத ஸ்கூட்டரில் பல்சக்கரக் கியர்களுக்குப் பதில் ஒரு ரப்பர் பெல்ட் இருக்கிறது. அது சுற்றும் சக்கரங்களின் அளவு வேகத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். 2007-ல் இத்தாலியின் ஏப்ரிலியா நிறுவனம் 'மானா 850' என்ற பெரிய பைக்கிலும் இந்த முறையைப் பயன்படுத்தியது.

* மின்சார பைக்குகள் பெரும்பாலானவற்றில் மாற்றுவதற்குக் கியரே கிடையாது. 2019-ல் வந்த ஹார்லி டேவிட்சனின் 'லைவ்வயர்' பைக்கிலும் கிளட்ச் இல்லை, கியர் பெடல் இல்லை. ஆனால், நெடுஞ்சாலை வேகத்தில் போனால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கணக்குக்கு விடை: 21 x 18 = 378. மூன்று நாள் ஓடும், நான்காம் நாள் பாதி வழியில் பெட்ரோல் போட வேண்டும்.